முழு வருகை

வாந்தி வாளிகளை நாற்காலிகளுக்குப் பின்னால் தள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. மொத்தம் ஒன்பது வாளி. நீல பிளாஸ்டிக். மூன்றில் ஏற்கெனவே கொஞ்சம் இருந்தது.

"படத்துல வாளி விழக் கூடாதும்மா. கேமராக்காரர் வர்றதுக்குள்ள தள்ளிடு," என்றார் எங்கள் பிரிவுத் தலைவர். "அப்படியே அந்த ஸ்பிரேயை நாலு அடி அடி. வாடை வருது பாரு."

எலுமிச்சை வாசனை ஸ்பிரே. கீமோ ஏறிய உடம்புக்கு எந்த வாசனையும் ஆகாது. சோப்பு வாசனைக்கே குடல் புரளுகிறவர்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். வாந்தி நாற்றத்தை அமுக்க வாந்தி வரவழைக்கும் தண்ணீர். நான் அடிக்கவில்லை. என் கையிலிருந்து பிடுங்கி அவரே அடித்தார். முதல் வரிசையில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு காலடியில் வாளியைத் துழாவினார். வாளி பின்னால் இருந்தது.

இது ஆஸ்பத்திரியின் புற்றுநோய்க் கட்டடம். ஏழாவது மாடியில் கூட்டம் நடத்தும் அறை. வாரத்துக்கு இரண்டு நாள் காலை பத்து மணிக்கு, சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் யோகா. இருபத்து நான்கு வகுப்புகள். இதனால் களைப்பும் குமட்டலும் குறைகிறதா, தூக்கம் வருகிறதா என்று கணக்கெடுத்து அறிக்கை எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. நான் புள்ளியியல் படித்தவள். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நோயாளிகள் நிரப்பும் தாள்களை வாங்கிக் கணினியில் ஏற்றுவது நான்.

தாளில் ஐந்து முகங்கள். அழும் முகத்தில் தொடங்கி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் முகத்தில் முடியும். வகுப்புக்கு முன் ஒன்றில் டிக், வகுப்புக்குப் பின் ஒன்றில் டிக்.

தொடங்கும்போது இருபத்து நான்கு பேர். இப்போது ஒன்பது. தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவர்களின் பெயரை அடிக்க வேண்டும், அவர்கள் வரிசையையே கணினியிலிருந்து நீக்க வேண்டும் என்பது தலைவர் போட்ட சட்டம். பதினைந்து பேரை நீக்கியிருந்தேன். அதில் ஆறு பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அறிக்கையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "பங்கேற்றவர்களில் நூறு சதவீதத்தினருக்கு முன்னேற்றம்."

ஒருமுறை கேட்டேன். "சார், வராதவங்கதான் ரொம்ப முடியாதவங்க. அவங்கள எடுத்துட்டா மிச்சம் இருக்கிறவங்க நல்லாத்தானே இருப்பாங்க?"

"பரீட்சையப் பாதியில விட்டுட்டுப் போனவனுக்கு மார்க் போடுவாங்களா? நீ படிச்ச பொண்ணுதானே?"

சதவீதம் என்று நான் மனதுக்குள் அவருக்குப் பெயர் வைத்தது அன்றைக்குத்தான். ஆனால் நீக்கும் பொத்தானை அழுத்தியது அவர் விரல் இல்லை. என் விரல். பதினைந்து முறை.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என் அம்மா.

அம்மா ஒரு சலவைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் விரிப்புகளைக் கறை பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. ரத்தம் ஒரு பக்கம், மலம் ஒரு பக்கம், மீதி ஒரு பக்கம். வலது மார்பில் கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். இப்போது ஐந்தாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள்.

அவளை இந்த வகுப்பில் சேர்த்ததும் நான்தான். பொய் சொல்ல மாட்டேன், அது வேலை செய்தது. நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடக் கற்றுக்கொண்ட பிறகு அவள் தூங்கினாள். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் இருந்தவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்தாள். எனக்கு அருவருப்பு மூச்சின் மேல் இல்லை. அந்த மூச்சைச் சுற்றி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள் மேல்.

ஆனால் அம்மாவைப் பிடித்துக்கொண்டது மூச்சு மட்டும் இல்லை. அவள் பள்ளிக்கூடமே போகாதவள். ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாக ஒருத்தர் ரெஜிஸ்டரைப் பார்த்து அவள் பெயரைக் கூப்பிட்டார். அவளும் எங்கேயோ கேட்டு வைத்திருந்ததை வைத்து, "உள்ளேன் டீச்சர்" என்றாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிக் காட்டினாள், மூன்று தரம். யோகா சொல்லித்தரும் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அம்மாவுக்கு அவள் "எங்க டீச்சர்".

பத்தொன்பது வகுப்பில் அம்மா ஒரு நாள்கூட விடவில்லை. வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். நகம் கறுத்துப்போய் வந்தாள். முடி கொத்தாகக் கையோடு வந்த அன்றைக்கும் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எங்கிருந்து வந்த வெறி இது என்று நான் கேட்க முடியாது. அதை என் மேல்தான் முதலில் ஏவினாள். பள்ளிக்கூட நாட்களில் எனக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது அரை மாத்திரையை வாயில் போட்டு, முகத்தைக் கழுவிவிட்டு, "ஒரு நாள் விட்டா ஒம்பது நாள் விடத் தோணும், நட" என்று அனுப்புவாள். எட்டு வருடம் நான் வாங்கிய முழு வருகைச் சான்றிதழ்கள் எங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. பட்டச் சான்றிதழை அதற்குக் கீழேதான் மாட்டியிருக்கிறாள்.

கீமோ தொடங்கிய அன்றே டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கீமோ ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களைத் தின்றுவிடும். அந்த நேரத்தில் சின்னக் கிருமி புகுந்தாலும் ஆளை முடித்துவிடும். காய்ச்சல் நூறைத் தாண்டினால் மாத்திரை போட்டு அமுக்கக் கூடாது. நேரே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் மருந்து ஏற வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். தினமும் காலையில் நானே அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பேன்.

இருபதாவது வகுப்பன்று மட்டும் பார்க்கவில்லை. பெரிய ஆள் ஒருவர் வகுப்பைப் பார்வையிட வருகிறார் என்று என்னை ஏழு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். அவர் கையால் முழு வருகைச் சான்றிதழ் கொடுப்பதாக ஏற்பாடு. இன்னும் நான்கு வகுப்பு பாக்கி இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை. விருந்தாளி என்றைக்கு வருகிறாரோ அன்றைக்கு வகுப்பு முடிந்த மாதிரி. சான்றிதழ் இரண்டே பேருக்கு. ஒன்று அம்மா, இன்னொன்று அதே வகுப்பில் இருந்த டிரைவர் மாமா.

அலுவலகத்திலிருந்து போன் செய்து கேட்டேன். "காய்ச்சல் பாத்தியாம்மா?"

"தொண்ணூத்தெட்டு. போனை வை, எனக்கு நேரமாச்சு."

ஒன்பதே முக்காலுக்கு வந்தாள். எல்லாரும் ஒரே நிறத் துணியைத் தலையில் கட்ட வேண்டும் என்று சதவீதம் புதுத் துணிகள் வாங்கி வைத்திருந்தார். மஞ்சள். பெட்டியிலிருந்து அப்படியே எடுத்த, கஞ்சி மொடமொடப்பு போகாத துணி. முடியில்லாத தலையில் அது உப்புத்தாள் மாதிரி உரசும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "ஒரு தண்ணி அலசியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். முகம் சிவந்திருந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன். படிச்ச முட்டாள்.

"என்ன தங்கச்சி, மணப்பொண்ணு மாதிரி வந்திருக்கே?" என்றார் டிரைவர் மாமா. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். தொண்டையில் கதிர்வீச்சு கொடுத்ததில் குரல் போய் இப்போது காற்று மட்டும்தான் வரும்.

"போங்கண்ணே. நீங்கதான் மஞ்சத் துணியில எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கீங்க."

"அதான் ஸ்பிரே அடிச்சாங்களா? நான் என் வாசனைன்னுல்ல நெனச்சேன்."

வகுப்பு தொடங்கியது. டீச்சர் வெள்ளை உடை, கழுத்துப் பட்டியில் குட்டி மைக். ஒன்பது பேருக்கு மைக். முதல் பத்து நிமிடம் மூச்சு, கழுத்து, தோள். அது வரைக்கும் சரி. பிறகு கேமராக்காரர் உள்ளே வந்தார். டீச்சரின் குரல் மாறியது.

"நோய் உடம்புல வர்றதில்ல. மனசுல வருது. வெளிய விடாத கோபம்தான் கட்டியா மாறுது. விட்டுடுங்க... விட்டுடுங்க..."

இதை மூன்றாவது வகுப்பிலேயே சொல்லியிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நான் யார் மேல பாப்பா அவ்வளவு கோவப்பட்டேன்?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடம் ஊரான் மலத்தைத் துவைத்தவள், கையெல்லாம் ரசாயனத்தில் வெந்தவள், அப்பா விட்டுவிட்டுப் போனபோதுகூட அவர் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தனுப்பியவள். அவள் ஒழுங்காகக் கோபப்பட்டிருந்தால் வேறு பத்துப் பேருக்குக் கட்டி வந்திருக்கும்.

"இப்ப எல்லாரும் வாய்விட்டுச் சிரிக்கப் போறோம். ஹா... ஹா... ஹா... நல்லா வாயத் திறந்து!"

கீமோவில் வாயெல்லாம் புண். தண்ணீர் குடிக்கவே கண்ணீர் வரும். ஒன்பது பேர் வாயைப் பிளந்தார்கள். ஒருத்தருக்கு உதடு வெடித்து ரத்தம் கீழ்ப்பல்லில் வழிந்தது. சிரித்துக்கொண்டே அதை விழுங்கினார். டிரைவர் மாமா சத்தம் வராத சிரிப்பில் குலுங்கினார். கேமரா படபடவென்று அடித்தது. நான் கதவோரம் தாள்களோடு நின்றிருந்தேன். எனக்கும் ஒரு வாளி தேவைப்பட்டது.

கையில் அம்மாவின் தாள் இருந்தது. வகுப்புக்கு முன்: பல்லெல்லாம் தெரியும் முகம். வகுப்புக்குப் பின்: அதே முகம். பாதி வகுப்புகூட முடியவில்லை. அதற்குள் எப்படிப் பின் கட்டத்தில் டிக்?

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா நடுங்கிக்கொண்டிருந்தாள். சாதாரண நடுக்கம் இல்லை. நாற்காலியின் கால்கள் தரையில் தட்டின.

டீச்சரும் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"எல்லாரும் பாருங்க, இந்த அம்மாவுக்கு உடம்பு எப்படி நடுங்குதுன்னு! இதுதான் விடுதலை. வருஷக்கணக்கா உள்ள அடைஞ்சு கிடந்தது வெளிய வருது. கை தட்டுங்க!"

தட்டினார்கள். கேமரா அம்மா பக்கம் திரும்பியது. அவள் பல் கிட்டிக்க, மஞ்சள் துணி நெற்றியில் சரிய, படத்துக்குச் சிரித்தாள்.

நான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய் அவள் கழுத்தில் கை வைத்தேன். அடுப்பில் வைத்த மாதிரி இருந்தது.

"அம்மா, கொதிக்குது உனக்கு!"

"கத்தாதடி. மாத்திரை போட்டிருக்கேன், எறங்கிடும்."

"எப்பப் போட்ட?"

"காலைல ஒண்ணு... நேத்து ராத்திரி ஒண்ணு." பல் அடித்தது. "சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுறேன் பாப்பா. அஞ்சு நிமிஷம்."

நேற்று ராத்திரி. ஒரு மணி நேரம் என்று சொன்ன இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் போய்விட்டது.

தோளைப் பிடித்துத் தூக்கினேன். சதவீதம் ஓடி வந்தார். முகத்தில் சிரிப்பு, குரலில் பல். "என்னம்மா பண்றே? அவங்க கீழ லிஃப்ட்ல ஏறிட்டாங்க. பத்தே பத்து நிமிஷம் உக்காரச் சொல்லு."

"சார், இது கீமோ காய்ச்சல். செத்துருவாங்க."

"அப்படியெல்லாம் வாயில வரக் கூடாது. பாசிட்டிவா..."

அம்மா குனிந்தாள். காலடியில் வாளி இல்லை. கம்பளத்தின் மேல், டீச்சரின் வெள்ளைக் கால்சட்டை மேல், மஞ்சளாக வந்தது. டீச்சர் "ஐயோ" என்று பின்னால் குதித்தாள். மைக் வழியாக அந்த ஐயோ அறை முழுக்கக் கேட்டது. விட்டுடுங்க என்றாயே, விட்டாள்.

அவளைத் தாங்கி வெளியே கொண்டுவந்தேன். மாடியில் இரண்டு லிஃப்ட். ஒன்று பழுது. இன்னொன்று விருந்தாளிக்காக. கதவு திறந்தபோது உள்ளே கோட்டும் பூங்கொத்துமாக ஆறு பேர். யாராவது வரவேற்க வரட்டும் என்று இறங்காமல் உள்ளேயே நின்றார்கள். எனக்கு முன்னால் டிரைவர் மாமா போய்விட்டார். ஒரு காலைக் கதவில் கொடுத்து, கையை வீசி, முப்பது வருடப் பழக்கத்தில் வெறும் காற்றில் சொன்னார்.

"எறங்கு, எறங்கு. கடைசி ஸ்டாப்பு. எல்லாம் எறங்கு."

யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டு ஆறு பேரும் இறங்கினார்கள். அம்மாவைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.

அவசரப் பிரிவில் நர்ஸ் பார்த்தபோது நூற்று மூன்று. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து?"

"நேத்து ராத்திரிலேர்ந்து. மாத்திரை போட்டு மறைச்சுட்டாங்க."

"வீட்டுல யாரும் படிச்சவங்க இல்லையா?" என்றாள் நர்ஸ்.

வலது கையில் ஊசி போடக் கூடாது, அது அறுவை செய்த பக்கம். இடது கையில் நரம்பெல்லாம் கீமோவில் செத்திருந்தன. முதல் குத்து வீண். இரண்டாவதும் வீண். அம்மா கையை உதறிக்கொள்வாள் என்று பிடித்துக்கொள்ளப் போனேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நாலு எண்ணி இழுத்தாள், ஆறு எண்ணி விட்டாள். இழுத்தாள், விட்டாள். கை தளர்ந்தது. மூன்றாவது குத்தில் ரத்தம் வந்தது, மருந்து ஏறியது.

"நல்லா மூச்சு விடுறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள் நர்ஸ், கொஞ்சம் இளகி.

"ஏழாவது மாடியில." அம்மாவுக்கு நாக்கு குழறியது. "ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல."

எனக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளத் தோன்றியது. அந்த மூச்சு உண்மை. அதைக் கொண்டே அவளை இங்கே வரைக்கும் தள்ளி வந்ததும் உண்மை.

மூன்று நாள் தனி அறை. கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். நான்காம் நாள் அழுத்தம் நிலைத்தது. எட்டாம் நாள் நான் வேலைக்குப் போனேன். டீச்சர் என் மேசைக்கு வந்தாள். "சத்தியமா எனக்குத் தெரியாது. எட்டு நாள்தான் பயிற்சி குடுத்தாங்க. காய்ச்சலப் பத்தி யாரும் சொல்லல," என்று அழுதாள். அழுகைகூட மைக்கில் பேசுகிற குரலில் இருந்தது. தெரியாதென்றால் தெரியாதென்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விடுதலை என்றாய். "கால்சட்டைக் கறைக்கு முதல்ல பச்சத் தண்ணி ஊத்துங்க, சுடுதண்ணி ஊத்தினா பிடிச்சுக்கும்," என்றேன். அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

பிறகு சதவீதம் வந்தார்.

"அம்மா எப்படி இருக்காங்க? நல்லது, நல்லது. அப்புறம்... இருபத்தொண்ணு, இருபத்திரண்டு ரெண்டுக்கும் அவங்க வரல. வரிசைய எடுத்துடும்மா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? அந்த நூறு கெட்டுடக் கூடாது பாரு."

"சரி சார்," என்றேன். இருபத்து மூன்று வருடம் பழகிய வாய் அது. சரி சார் என்றுதான் திறக்கும்.

அவர் போனதும் அலமாரியைத் திறந்தேன். கணினியில்தான் நீக்கியிருந்தேன். தாள்கள் அப்படியே கிடந்தன. பதினைந்து பேரையும் திரும்ப ஏற்றினேன். ஏன் வரவில்லை என்று ஒரு புதுக் கட்டம் போட்டேன். வார்டு வார்டாகப் போய்க் கேட்டு நிரப்பினேன். இறந்துவிட்டார். இறந்துவிட்டார். கால் வீக்கம். இறந்துவிட்டார். படி ஏற முடியவில்லை, லிஃப்ட் பழுது. வாய்ப்புண், சிரிக்க முடியாது. கடைசியில் அம்மாவின் வரிசை. இருபதாம் வகுப்பு: காய்ச்சல், மறைத்தார், சிரிக்கும் முகத்தில் டிக் செய்தார். இருபத்தொன்று, இருபத்திரண்டு: வரவில்லை. தூக்கம் கூடியவர்கள், குமட்டல் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் விடாமல் எழுதினேன். நூறு நாற்பத்திரண்டாக ஆனது, இருபத்து நான்கு பேரில் பத்துப் பேர். நாற்பத்திரண்டு ஒன்றும் மட்டமில்லை. உண்மையான நாற்பத்திரண்டை எவனும் படம் பிடிக்க மாட்டான், அவ்வளவுதான். கீமோ டாக்டருக்கு அனுப்பினேன், நகல் சதவீதத்துக்கு. வாசலில் தெர்மாமீட்டர் வைக்கச் சொல்லி அடியில் ஒரு வரி.

அவர் என்ன செய்வார் என்று பார்க்க உட்கார்ந்திருக்கவில்லை. நேரே அம்மாவிடம் போனேன்.

தலையணையில் சாய்ந்திருந்தாள். மடியில் சான்றிதழ். டிரைவர் மாமா அவளுக்குப் பதிலாக வாங்கி வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தங்க ஓரம், பெரிய ஆளின் கையெழுத்து.

"இருபத்தொண்ணு, இருபத்திரண்டுக்கு என்ன போட்ட?" என்றாள், நான் உட்காருவதற்கு முன்பே.

"வரலன்னு போட்டேன்."

"ரெண்டுக்குமா?"

"ரெண்டுக்கும்தான்."

"உள்ள படுத்துக்கிட்டு மூச்சுப் பண்ணேனே நான். அது வகுப்பு இல்லையா? உன் கையிலதானேடி இருக்கு ரெஜிஸ்டரு."

"அங்க வந்தியா நீ?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடி, "காய்ச்சலோட உன்னை அனுப்புவேன்ல பள்ளிக்கூடத்துக்கு. நல்லாத்தானே இருந்த," என்றாள்.

"ரெண்டு தரம் பெஞ்சுல மயங்கி விழுந்தேன். உங்கிட்ட சொன்னதில்ல."

மடியில் இருந்த சான்றிதழின் ஓரத்தை விரலால் நீவினாள். "சொல்லியிருந்தா?"

"மறுநாள் மாத்திரைய முழுசா குடுத்திருப்ப."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் ஹா ஹா என்று சொல்லிக்கொடுக்காத சிரிப்பு. உதட்டுப் புண் வெடித்து ரத்தம் வந்தது. "ஐயோ வலிக்குதுடி, சிரிக்க வைக்காத, பாவி," என்றாள். பஞ்சால் ஒற்றி எடுத்தேன்.

நர்ஸ் தெர்மாமீட்டரோடு வந்தாள். அம்மா தானே கையைத் தூக்கி அக்குளில் வாங்கிக்கொண்டாள். சத்தம் வந்ததும் நர்ஸுக்கு முன்னால் எடுத்து, கண்ணருகே பிடித்து, எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"நூறு புள்ளி ரெண்டு," என்றாள். என்னைப் பார்த்தாள். "எழுதிக்கோ."